மின்சாரச் சான்றிதழுக்குப் பணம் கட்டும் முன் போட வேண்டிய கணக்கு

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருப்பவர், செந்தூலில் வீட்டு வயரிங் எடுத்துச் செய்பவர், எஸ்.பி.எம். முடித்த பிள்ளையை எதில் சேர்ப்பது என்று யோசிக்கும் பெற்றோர் எல்லாருக்கும் கேள்வி ஒன்றுதான்: மின்சார லெசென் எடுத்தால் போட்ட காசு திரும்புமா? ஆனால் பதில் ஆளுக்கு ஆள் மாறும், ஏனென்றால் அவர்களுக்கு வேண்டிய சான்றிதழே ஒன்றல்ல. தவறான சான்றிதழை மலிவாக வாங்கினாலும் நஷ்டம். சரியானதற்கு ஓராண்டு சிரமப்பட்டாலும் பிறகு பல ஆண்டுகள் அது சம்பாதித்துத் தரும்.

இந்தத் துறையில் சம்பளத்தைக் கூட்டுவது கையெழுத்து. சட்டப்படி நீங்கள் மட்டுமே போடக்கூடிய கையெழுத்து எது, உங்கள் வட்டாரத்தில் அதற்குக் காசு கொடுப்பவர் யார் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கட்டணத்தை அதற்குப் பிறகு பார்க்கலாம். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

எஸ்.கே.எம். வேறு, சுருஹான்ஜாயா தெனாகா சான்றிதழ் வேறு

அதிகமான காசு வீணாவது இந்தக் குழப்பத்தில்தான்.

சிஜில் கெமஹிரான் மலேசியா எனப்படும் எஸ்.கே.எம். ஒரு திறன் சான்றிதழ். மனிதவள அமைச்சின் கீழ் உள்ள திறன் மேம்பாட்டுத் துறையான ஜே.பி.கே. வழங்குகிறது. 1 முதல் 3 வரை எஸ்.கே.எம்., நான்காம் நிலை டிப்ளோமா, ஐந்தாம் நிலை மேல்நிலை டிப்ளோமா. உங்களுக்கு இந்த வேலை தெரியும் என்பதற்கு அது சாட்சி. வேலைக்கு விண்ணப்பிக்கவும், டிப்ளோமாவுக்குப் போகவும், சம்பளப் படியில் ஒரு இடம் பிடிக்கவும் உதவும்.

ஒரு வீட்டின் வயரிங்கைச் சோதித்து ஒப்பமிடும் உரிமையை மட்டும் அது தராது. அந்த உரிமை 1990ஆம் ஆண்டு மின் விநியோகச் சட்டத்திலிருந்தும் 1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறைகளிலிருந்தும் வருகிறது. அதைக் கொடுப்பது எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகா. இதைத்தான் தகுதிச் சான்றிதழ், பெராக்குவான் கெக்கொம்பெத்தெனான் என்கிறார்கள். வயர்மேன், சார்ஜ்மேன், கேபிள் இணைப்பாளர் எல்லாரும் இந்தச் சான்றிதழ் வழியாகத்தான் வருகிறார்கள்.

ஒரு நிலையம் 'மின்சாரச் சான்றிதழ் கோர்ஸ்' என்று மட்டும் விளம்பரம் செய்தால் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: கோர்ஸ் முடிவில் கையில் வருவது ஜே.பி.கே. சான்றிதழா, ஆணையத்தின் சான்றிதழா, அல்லது உங்கள் நிலையமே அச்சடித்த வருகைச் சான்றிதழா? மூன்றாவது என்றால் பணத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். ஆணையத்தின் சான்றிதழ் என்று சொன்னால், எந்த வகைக்கு அந்த நிலையம் அங்கீகாரம் பெற்றிருக்கிறது என்று ஆணையத்தின் பட்டியலிலேயே பாருங்கள். அங்கீகாரம் வகைவாரியாகத்தான் கொடுக்கப்படுகிறது. ஒருமுனை (சிங்கிள் ஃபேஸ்) வயர்மேன் பயிற்சிக்கு அங்கீகாரம் இருப்பதால் சார்ஜ்மேன் பயிற்சியும் செல்லும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

உங்கள் வேலைக்கு எந்தக் கையெழுத்து வேண்டும்?

வீடு, கடை, சின்ன அலுவலகம் இவற்றில் வயரிங் செய்பவருக்கு வேண்டியது வயர்மேன் சான்றிதழ், மலாயில் பென்டாவாய். இதில் பி.டபிள்யூ. 1, பி.டபிள்யூ. 2 இரண்டும் ஒருமுனை மின்சாரத்துக்கு. பி.டபிள்யூ. 3, பி.டபிள்யூ. 4 இரண்டும் மும்முனைக்கு (த்ரீ ஃபேஸ்). ஒற்றை எண்ணுக்கும் இரட்டை எண்ணுக்கும் உள்ள வேறுபாடு சோதனை செய்யும் அனுமதி. வயரிங் முடிந்ததும் இரண்டு படிவம் போகும்: வேலையை மேற்பார்வை செய்து முடித்ததற்குப் போரங் ஜி, சோதித்ததற்குப் போரங் எச். சோதனை அனுமதி இல்லாதவர் ஜி படிவத்தோடு நின்றுவிடுவார், எச் படிவத்துக்கு இன்னொருவரிடம் போக வேண்டும். அதனால் 1, 3 இரண்டையும் எங்கள் கணக்கில் சேர்ப்பதே இல்லை. எடுத்தால் 2 அல்லது 4.

இரண்டா, நான்கா? தெனாகா நேஷனலின் விதிப்படி ஒருமுனை விநியோகம் 12 கிலோவோல்ட்-ஆம்பியர் வரைதான். அதற்கு மேல் மும்முனை. முன்பு ஒரு தாமான் வீட்டில் இரண்டு ஏர்கோன், ஒரு வாட்டர் ஹீட்டர் இருந்தால் அதிகம். இப்போது அறைக்கு ஓர் ஏர்கோன், இன்டக்‌ஷன் அடுப்பு, போதாததற்கு மின்சாரக் கார் சார்ஜர். கோலாலம்பூரில் வீடு புதுப்பிக்கும் வேலைகளில் ஒருமுனையை மும்முனையாக மாற்றும் கேட்பு சாதாரணமாகிவிட்டது. கடைவீடு என்றால் பெரும்பாலும் மும்முனைதான். இதையே முழுநேரத் தொழிலாக நினைப்பவர் தகுதி நிபந்தனை இடம் கொடுத்தால் நேராக 4-க்குப் போவது நல்லது. இரண்டு முறை கட்டணம், இரண்டு முறை விடுப்பு, இரண்டு முறை தேர்வு மிச்சம். தேர்வு எழுதியே பல ஆண்டுகள் ஆனவருக்கு மட்டும் முதலில் 2 எடுத்துப் பழகிக்கொள்வதில் அர்த்தம் உண்டு.

தொழிற்சாலை, பேரங்காடி, ஹோட்டல், மருத்துவமனை, உயர்ந்த கொண்டோ இவற்றில் மின் அறையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் சார்ஜ்மேன், மலாயில் பென்ஜாகா ஜென்தெரா. ஏ எனத் தொடங்குபவை 1,000 வோல்ட் வரையிலான குறைந்த அழுத்தத்துக்கு. பி எனத் தொடங்குபவை அதற்கு மேல். வேலைவாய்ப்பு விளம்பரங்களில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுபவை ஏ0, பி0. மேல்நிலைக் கம்பி, ஜெனரேட்டர் நிலையம் போன்றவை பொறுப்பில் சேர வேண்டுமானால் 0-க்கு மேற்பட்ட வகை எடுக்க வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டியது கட்டடத்துக்கு வரும் மின் அழுத்தம். 11 கிலோவோல்ட்டில் வாங்கித் தன் டிரான்ஸ்ஃபார்மரில் இறக்கும் பேரங்காடிக்கு ஏ0 போதாது, பி0 வேண்டும். பத்து காவானிலும் பிறையிலும் உள்ள பெரிய ஆலைகளில் 33 கிலோவோல்ட் இருக்கலாம். அங்கே சான்றிதழில் எழுதியிருக்கும் அழுத்த வரம்பு அதைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். நீங்கள் ஏற்கெனவே ஓர் ஆலையில் இருந்தால் மின் அறையின் கதவுப் பலகையையும் ஒற்றைக்கோட்டு வரைபடத்தையும் பாருங்கள், பதில் அங்கேயே இருக்கும். இப்போது சார்ஜ்மேனாக நியமிக்கப்பட்டவரின் சான்றிதழ் நகலும் சுவரில் இருக்கும். அவர் எப்போது ஓய்வு பெறுகிறார் என்பது உங்கள் கணக்கில் ஒரு முக்கியமான எண்.

சிங்கப்பூருக்குப் போகும் எண்ணம் இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: அங்கே மின்பணியாளர் உரிமம் தனி. இங்கே எடுத்ததை அங்கே நேரடியாகப் பயன்படுத்த முடியாது.

முதலில் விளம்பரங்களை எண்ணுங்கள்

சான்றிதழ் எடுத்தால் இவ்வளவு கிடைக்கும் என்று பயிற்சி நிலையம் சொல்வதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஒரு மாலை உட்கார்ந்து, சொக்சோ என்றும் அழைக்கப்படும் பெர்க்கேசோவின் மைஃபியூச்சர்ஜோப்ஸ் தளத்திலும் மற்ற வேலைத் தளங்களிலும், உங்கள் வீட்டிலிருந்து போய்வரக்கூடிய தூரத்தில் உள்ள 20 விளம்பரங்களை எடுத்து எழுதுங்கள். சான்றிதழ் வகை, அடிப்படைச் சம்பளம், ஷிஃப்ட் உண்டா, அனுபவம் எத்தனை ஆண்டு, நேரடி வேலையா குத்தகை நிறுவனம் வழியா என ஐந்து பத்தி போதும்.

பிறகு அதே வட்டாரத்தில் சான்றிதழ் கேட்காத டெக்னீஷியன் விளம்பரங்கள் பத்தை எடுத்து ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடுதான் சான்றிதழின் விலை. முழுச் சம்பளத்தையும் சான்றிதழின் வரவாக எழுதிக்கொள்வது பலரும் செய்யும் பிழை. சான்றிதழ் இல்லாமலே கிடைத்திருக்கும் பகுதியை அதிலிருந்து கழிக்க வேண்டும். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்ச ஊதியம் 1,700 வெள்ளி ஆகிவிட்டதால் அடிமட்டம் ஏறியிருக்கிறது. 2022ல் அது 1,500. அந்தக் காலத்துச் சம்பள வேறுபாட்டை வைத்துச் சொல்லப்படும் கதைகளை இன்றைய கணக்கில் சேர்க்க வேண்டாம்.

குத்தகை நிறுவனம் வழியான கட்டட வேலைகளில் இன்னொன்றையும் பாருங்கள். கொண்டோ நிர்வாகக் குழு பராமரிப்புக் குத்தகையை மாற்றினால் புது நிறுவனம் உங்களையே எடுத்துக்கொள்ளலாம், ஆனால் சேவைக்காலம் பூஜ்யத்திலிருந்து தொடங்கலாம். சம்பளம் சற்றுக் குறைவாக இருந்தாலும் நேரடி வேலைக்கு ஒரு மதிப்புக் கொடுத்தே ஒப்பிட வேண்டும்.

செலவு என்பது கோர்ஸ் கட்டணம் மட்டுமல்ல

கீழே உள்ள எண்கள் கணக்கு போடும் முறையைக் காட்டுவதற்காக வைத்துக்கொண்டவை. உங்கள் எண்களை அந்த இடத்தில் போடுங்கள்.

மாதச் சம்பளம் 2,600 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். வேலைச் சட்டப்படி ஒரு நாள் ஊதியம் மாதச் சம்பளத்தை 26 ஆல் வகுத்தது: 100 வெள்ளி. ஒரு மணி நேரம் 12.50. ஓவர்டைம் ஒன்றரை மடங்கு என்பதால் 18.75. இப்போது வாரயிறுதி வகுப்பு, மூன்று மாதம், 12 சனி, 12 ஞாயிறு. வழக்கமாகச் சனிக்கிழமை எட்டு மணி நேரம் ஓவர்டைம் செய்பவர் 12 × 8 × 18.75, அதாவது 1,800 வெள்ளியை இழக்கிறார். இந்த வரியை யாரும் எழுதுவதில்லை.

கட்டணம் 4,000. சனிக்கிழமை இழப்பு 1,800. தேர்வுக்குச் சம்பளமில்லா விடுப்பு இரண்டு நாள், 200. பெட்ரோல், சாப்பாடு 24 நாளுக்கு 15 வீதம் 360. பயிற்சிக்குக் கேபிள், பலகை, சுவிட்ச் 240. ஒரு பகுதியில் தவறினால் மறுதேர்வுக்கு ஒதுக்குவது 600. மொத்தம் 7,200 வெள்ளி. கட்டணத்தின் இரு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு.

அதே கோர்ஸை மூன்று மாதம் முழுநேரமாக, சம்பளம் இல்லாமல் செய்தால் 4,000 + 7,800 + 240 + 600, போக்குவரத்தைச் சேர்க்காமலே 12,640. வேலையில் இருப்பவருக்கு முழுநேரப் படிப்பு ஏன் பெரும்பாலும் கட்டுப்படியாகாது என்பது இதில் தெரியும். எஸ்.பி.எம். முடித்து வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு அந்த 7,800 இழப்பு கிடையாது. அவர்களுக்கு அரசு நிலையத்தில் முழுநேரப் படிப்புதான் மலிவான வழி. விண்ணப்பம் அரசுத் தொழிற்பயிற்சிக்கான யு.பி. திவெட் இணையத்தளம் வழியாக. கோலாலம்பூர், கெப்பாலா பத்தாஸ், நிபோங் திபால் ஆகிய இடங்களில் முன்பு ஐ.எல்.பி. என்று அழைக்கப்பட்ட தொழிற்பயிற்சி நிலையங்களை இப்போது அட்டெக் என்ற பெயரில் தேட வேண்டும். மாராவின் திறன் பயிற்சி நிலையமான கியாட் மாராவும் எல்லா இனத்தவருக்கும் திறந்திருக்கிறது. நம் பெற்றோர் பலருக்கு இது தெரியாததால் பிள்ளைகள் நேராகத் தனியார் நிலையத்துக்குப் போய்விடுகிறார்கள்.

பினாங்கில் ஒரு சின்ன அனுகூலம் உண்டு. பாலத்தில் மோட்டார் சைக்கிளுக்கு 2019 முதல் டோல் இல்லை. தீவில் இருப்பவர் பெருநிலப் பக்கத்து நிலையத்தில் படித்தாலும் போக்குவரத்துச் செலவு பயந்த அளவுக்கு ஏறாது.

வரவை நிகரமாகப் பாருங்கள்

சான்றிதழுக்குப் பின் மாதம் 400 வெள்ளி கூடுகிறது என்று கொள்வோம். இ.பி.எஃப். 11 விழுக்காடு, 44 வெள்ளி பிடித்தம். கைக்கு 356. சொக்சோ, வேலைக் காப்புறுதியில் போவது சில வெள்ளிதான், விட்டுவிடலாம். 7,200ஐ 356 ஆல் வகுத்தால் 20 மாதம் சொச்சம். முழுநேரக் கணக்கில் 35 மாதத்துக்கு மேல். முதலாளி கட்டணத்தை ஏற்றுக்கொண்டால் உங்கள் செலவு 3,200, ஒன்பதே மாதத்தில் திரும்பிவிடும்.

இதற்கு மேல் இரண்டு வரவு உண்டு. முதலாளியின் இ.பி.எஃப். பங்கு, 5,000 வெள்ளி வரையிலான சம்பளத்துக்கு 13 விழுக்காடு, மாதம் 52 வெள்ளி உங்கள் கணக்கில் சேரும். அடிப்படைச் சம்பளம் 3,000 ஆனால் ஓவர்டைம் மணிக்கு 18.75 இலிருந்து 21.63 ஆகும். மாதம் 40 மணி நேரம் செய்பவருக்கு 115 வெள்ளி கூடுதல்.

ஆனால் இது எல்லாம் உயர்வு அடிப்படைச் சம்பளத்தில் வந்தால் மட்டுமே. 'சார்ஜ்மேன் அலவன்ஸ்' என்று தனியாகக் கொடுத்தால் பல நிறுவனங்கள் ஓவர்டைமை அடிப்படைச் சம்பளத்தின் மேல் மட்டும் கணக்கிடும். பொறுப்பு வேறொருவருக்குப் போனால் அலவன்ஸும் போய்விடும். கோர்ஸுக்கு அனுப்பும்போதே மனிதவளப் பிரிவிடம் இதை எழுத்தில் கேளுங்கள்: தேர்ச்சி பெற்றதும் நியமனக் கடிதம் எத்தனை மாதத்தில், உயர்வு அடிப்படையிலா அலவன்ஸாகவா? ஆலையில் ஏற்கெனவே இரண்டு சார்ஜ்மேன் இருந்து மூன்றாவது நியமனத்துக்கு இடம் இல்லையென்றால், உங்கள் சான்றிதழ் அந்த ஆலைக்குள் ஒரு வெள்ளியும் சம்பாதிக்காது. அப்போது வரவு கணக்கு அடுத்த வேலையை வைத்துத்தான்.

முறிவு மாதம், அதாவது போட்ட காசு முழுதாகத் திரும்பும் மாதம், 24-க்குள் வந்தால் தயங்க வேண்டியதில்லை என்பது எங்கள் கருத்து. 36-ஐத் தாண்டினால் கட்டணத்தைக் குறைக்கும் வழியை முதலில் தேடுங்கள், இல்லையென்றால் வேறு வகைச் சான்றிதழைப் பாருங்கள். 50 வயதைக் கடந்தவர் ஓய்வு வரையுள்ள மாதங்களையும் எண்ண வேண்டும், அதே நேரத்தில் ஓய்வுக்குப் பிறகும் சின்னச் சின்ன வயரிங் வேலையைச் சட்டப்படி செய்ய வயர்மேன் சான்றிதழ் கைகொடுக்கும் என்பதையும் சேர்த்து.

சொந்தமாக வயரிங் எடுப்பவரின் கணக்கு

இவருக்குச் சம்பள உயர்வு கிடையாது. இவர் பார்க்க வேண்டியது கையெழுத்துக்காக இப்போது வெளியே கொடுக்கும் காசு. கடந்த ஓராண்டில் சான்றிதழ் உள்ளவரைச் சார்ந்து எத்தனை வேலை முடித்தீர்கள், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு போனது, சான்றிதழ் இல்லாததால் எத்தனை வேலை கைவிட்டுப் போனது என்று எழுதுங்கள். ஒரு விளக்கு, ஒரு சாக்கெட்டுக்கு இவ்வளவு என்ற 'பாயிண்ட்' கணக்கில் கான்ட்ராக்டரிடம் கூலிக்குச் செய்பவர், அதே பாயிண்டுக்கு வீட்டுக்காரர் கான்ட்ராக்டரிடம் கொடுக்கும் தொகையைக் கேட்டு அறியுங்கள். அந்த இடைவெளியில் சாமான், உதவியாள் கூலி, வேன் செலவு, வராத பாக்கி போக எஞ்சுவதுதான் உங்களுக்குத் திறக்கும் வரவு.

இங்கே பலர் தடுக்கி விழும் படி ஒன்று இருக்கிறது. வயர்மேன் சான்றிதழ் மட்டும் இருந்தால் பொதுமக்களிடம் வயரிங் குத்தகை எடுக்க முடியாது. ஆணையத்தில் மின் கான்ட்ராக்டராகப் பதிந்த நிறுவனம் வேண்டும். ஏ முதல் டி வரை வகுப்புகள், டி சிறியது. அதற்கு முன் எஸ்.எஸ்.எம்.-இல் வியாபாரப் பதிவு: சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி, வியாபாரப் பெயரில் 60. கட்டுமானத் தளத்தில் கால் வைக்க, கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சி.ஐ.டி.பி.-யின் பச்சை அட்டை. இவை பெரிய தொகை அல்ல. பெரிய தொகை சோதனைக் கருவிகளில் போகும்: இன்சுலேஷன் டெஸ்டர், ஆர்.சி.டி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம்) டெஸ்டர், எர்த் லூப் டெஸ்டர், கிளாம்ப் மீட்டர், அவற்றுக்குக் காலாகாலத்தில் அளவுத்திருத்தம். முதல் ஆண்டுக்கு எல்லாம் சேர்ந்த ஒரே கருவியை வாங்குவதா, தனித்தனியாக வாங்குவதா என்பதை வேலையின் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யுங்கள். கருவியே இல்லாமல் போரங் எச்-இல் எண்களை நிரப்புவது பொய்ச் சான்று. அந்த வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

சொந்தத் தொழிலில் இ.பி.எஃப்., சொக்சோ தானாகப் போகாது. சுயதொழில் செய்பவருக்கான பெர்க்கேசோ திட்டத்தில் சேரும் செலவையும் ஏணியில் நின்று வேலை செய்பவர் தன் கணக்கில் எழுத வேண்டும்.

சூரிய மின்பலகை வேலையைக் குறிவைப்பவர் மும்முனை வயர்மேன் சான்றிதழுக்குப் பிறகு நிலைத்த எரிசக்தி மேம்பாட்டு ஆணையமான சேடாவின் பயிற்சியை யோசிக்கலாம். அதை முதலில் எடுத்துவிட்டு வயர்மேன் சான்றிதழைப் பிறகு பார்ப்பது காசை முடக்கும்.

எங்கே தவறுகிறார்கள், ஏன்

மறுதேர்வு செலவு, இரண்டாவது முறை விடுப்பு, ஆறு மாதத் தாமதம், இவைதான் கணக்கைக் கெடுப்பவை. அதனால் தேர்வின் உள்ளே கொஞ்சம் பார்க்க வேண்டும்.

சேருவதற்கு முன்பே நிற வேறுபாட்டுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மின்சாரப் பயிற்சிகளில் நிறக்குருடு இருப்பவரைச் சேர்ப்பதில்லை. கட்டணம் கட்டிய பிறகு தெரிந்தால் அலைச்சல்தான். அடுத்தது அனுபவச் சான்று. அனுபவம் கேட்கும் வகைகளுக்கு முதலாளியின் கடிதம், வேலை விவரம், இ.பி.எஃப். அறிக்கை போன்றவை வேண்டியிருக்கும். பத்தாண்டு வேலை செய்தும் கூலியைக் கையில் ரொக்கமாக வாங்கியவரிடம் காகிதமே இருக்காது. அவர்கள் இன்றிலிருந்தே சம்பளச் சீட்டு கேட்டு வாங்கத் தொடங்க வேண்டும். பழைய முதலாளி கடை மூடும் முன் கடிதம் வாங்கிவிட வேண்டும். எஸ்.கே.எம். பக்கத்தில் இப்படிப்பட்டவர்களுக்கு பி.பி.டி. என்ற வழி உண்டு: வகுப்பில் உட்காராமல், செய்த வேலைகளின் படம், வரைபடம், கடிதம், ரசீது இவற்றைத் தொகுத்து மதிப்பீட்டாளரிடம் காட்டிச் சான்றிதழ் பெறலாம். வேலை தெரிந்த, ஆனால் பள்ளிச் சான்றிதழ் குறைந்த அண்ணன்மாருக்கு இது மிக நல்ல வழி.

செய்முறைத் தேர்வில் வயரிங் தெரியாமல் தவறுபவர் குறைவு. வேகத்துக்குப் பழகாததும் ஒழுங்கு தவறுவதும்தான் காரணம். மின்பகிர்வுப் பெட்டியான டி.பி. பெட்டியில் இரண்டு ஆர்.சி.டி. இருக்கும்போது ஒன்றின் நியூட்ரலை மற்றதன் நியூட்ரல் பட்டையில் கட்டிவிடுவது மிகவும் சாதாரணமான பிழை. சுமை ஏற்றியதும் போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் ஒரே ஆர்.சி.டி. வழியாகச் செல்லாததால் அது மின்சாரத்தைத் துண்டித்துவிடும். தளத்தில் என்றால் அரை மணி நேரத்தில் கண்டுபிடிப்பீர்கள். தேர்வில் அந்த அரை மணி இருக்காது. சுவிட்சை நியூட்ரலில் கட்டுவது, திருகு இறுகாமல் இழுத்தால் கம்பி கழன்று வருவது, செம்பு வெளியே தெரிவது இவையும் மதிப்பெண்ணைத் தின்னும்.

எந்தச் சாதனத்துக்கு எத்தனை மில்லிஆம்பியர் ஆர்.சி.டி. என்பது வாய்மொழிக் கேள்வியில் வரக்கூடியது. கையில் பிடிக்கும் சாதனங்கள் செருகும் சாக்கெட்டுக்கு 30, வாட்டர் ஹீட்டர் போல ஈரமான இடத்துக்கு 10. 30 உள்ள பொதுச் சாதனத்தின் கீழேயே குளியலறை ஹீட்டரையும் விட்டுவிடுவது தளத்தில் பார்த்துப் பழகிய தவறு. அந்தப் பழக்கம் தேர்வு அறைக்கும் கூடவே வரும்.

சோதனையில் வரிசைதான் எல்லாம். மின்சாரம் இல்லாமல் செய்பவை முதலில்: எர்த் கம்பியின் தொடர்ச்சி, ரிங் சர்க்யூட் இருந்தால் அதன் தொடர்ச்சி, இன்சுலேஷன், துருவநிலை. மின்சாரம் கொடுத்த பிறகு எர்த் லூப், ஆர்.சி.டி. 230 வோல்ட் சர்க்யூட்டுக்கு இன்சுலேஷன் சோதனை 500 வோல்ட் நேர்மின்னோட்டத்தில், குறைந்தது 1 மெகாஓம் வர வேண்டும். குறைவாக வந்தால் உடனே கேபிளைக் குறை சொல்லாதீர்கள். விளக்கு, டிம்மர், ஹீட்டர் எதையாவது கழற்ற மறந்திருப்பீர்கள். மின்னணுச் சாதனத்தை இணைத்தபடியே 500 வோல்ட் கொடுத்தால் அளவும் தவறும், சாதனமும் போகும்.

சார்ஜ்மேன் தேர்வில் அச்சம் தருவது வாய்மொழிப் பகுதி. சுவிட்ச்கியரைப் பாதுகாப்பாகத் துண்டிக்கும் வரிசையைக் கேட்பார்கள்: சுமையைக் குறைத்தல், பிரேக்கரைத் திறத்தல், ஐசொலேட் செய்தல், பூட்டி அட்டை மாட்டுதல், மின்சாரம் இல்லை என்று சோதித்தல், எர்த் செய்தல், அதன் பிறகே அனுமதிப் படிவம். ஏன் இந்த வரிசை என்று கேட்கும்போது மனப்பாடம் செய்தவர் நின்றுவிடுவார். பி0-க்குப் படிப்பவர் உயர் அழுத்த மின் அறைக்குள் நியமிக்கப்பட்ட சார்ஜ்மேனோடு நின்று பார்க்க வாய்ப்பில்லாத வேலையில் இருந்தால், கட்டணம் கட்டும் முன் அந்த வாய்ப்பைத் தேடிக்கொள்ள வேண்டும். படத்தில் பார்த்த பிரேக்கரை வைத்து அந்த அறையின் கேள்விகளுக்குப் பதில் சொல்வது கடினம்.

'ஜாமின் லூலூஸ்', கட்டாயத் தேர்ச்சி என்று வாக்குக் கொடுக்கும் இடைத்தரகரிடம் ஒரு வெள்ளியும் கொடுக்காதீர்கள்.

பணத்துக்கு வழி

பத்து அல்லது அதற்கு மேல் மலேசியத் தொழிலாளர்கள் உள்ள நிறுவனங்கள் சம்பளத்தில் ஒரு விழுக்காட்டை மனிதவள மேம்பாட்டுக் கழகமான எச்.ஆர்.டி. கோர்ப்புக்கு லெவியாகக் கட்டுகின்றன. ஐந்து முதல் ஒன்பது பேர் உள்ளவர்கள் விரும்பினால் அரை விழுக்காடு. அந்தப் பணம் தொழிலாளர் பயிற்சிக்காகவே இருக்கிறது. கோர்ஸ் தொடங்கும் முன்பே முதலாளி விண்ணப்பிக்க வேண்டும். நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு ரசீதைக் கொண்டுபோனால் வேலை நடக்காது. பயிற்சி நிலையம் எச்.ஆர்.டி. கோர்ப்பில் பதிந்ததா என்று பார்த்து, விலைக்குறிப்போடு மேலதிகாரியிடம் போங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம்.

எஸ்.கே.எம். படிப்புக்கு, திறன் மேம்பாட்டு நிதிக் கழகமான பி.டி.பி.கே.-யின் கடன் உண்டு. மித்ரா வழியாகவும் சில ஆண்டுகளில் திறன் பயிற்சிக்கு உதவி வருகிறது. திட்டமும் தகுதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் அந்த ஆண்டின் அறிவிப்பைப் பாருங்கள். தேர்ச்சிக்குப் பிறகு தொழில் தொடங்கக் கருவி, வேன் வாங்க வேண்டியிருந்தால் தெக்குனின் ஸ்புமி கடன் இந்தியத் தொழில்முனைவோருக்கென்றே இருக்கிறது. கிரெடிட் கார்டில் கோர்ஸ் கட்டணத்தைப் போட்டு மாதாமாதம் குறைந்தபட்சத் தொகை கட்டுவதை மட்டும் தவிருங்கள். மேலே போட்ட 20 மாதக் கணக்கு வட்டியில் கரைந்துவிடும்.

முதலாளி பணம் கட்டினால் பிணைப்பு ஒப்பந்தம் வரும். கால அளவு எவ்வளவு, இடையில் விலகினால் முழுத் தொகையா அல்லது எஞ்சிய மாதங்களுக்கு ஏற்ற தொகையா, தேர்வில் தவறினால் யார் பொறுப்பு, நிறுவனமே ஆட்குறைப்புச் செய்தால் பிணைப்பு முடிகிறதா? நான்கையும் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். மாதத்துக்கு ஏற்பக் குறையும் ஈராண்டுப் பிணைப்பு நியாயமானது. முழுத் தொகையைக் கடைசி நாள் வரை கேட்கும் மூன்றாண்டுப் பிணைப்பில், வெளியே கிடைக்கும் சம்பள வேறுபாட்டை நீங்கள் இழக்கும் மாதங்களையும் செலவாக எழுத வேண்டும்.

பெயரை வாடகைக்கு விடாதீர்கள்

தேர்ச்சி பெற்ற சில வாரங்களில் யாராவது வருவார்கள். 'வேலைக்கு வர வேண்டாம், சான்றிதழ் நகலை மட்டும் கொடுங்கள், மாதம் இவ்வளவு தருகிறோம்' என்பார்கள். இந்தத் தொகையை வரவு கணக்கில் எழுதவே எழுதாதீர்கள். நீங்கள் பார்க்காத டி.பி. பெட்டி, நீங்கள் சோதிக்காத எர்த், அதன் கீழே உங்கள் பெயர். ஹீட்டரில் ஒருவர் அடிபட்டால் விசாரணை அந்தப் படிவத்திலிருந்துதான் தொடங்கும். ஆபத்தை விடவும், இப்படிக் கொடுக்கப்படும் கையெழுத்துகள்தான் உண்மையாகச் சோதித்து ஒப்பமிடுபவரின் கூலியை ஊரெங்கும் கீழே இழுக்கின்றன.

சார்ஜ்மேனாக நியமனம் ஆனவர் ஒரே நேரத்தில் வேறொரு இடத்திலும் பெயரைக் கொடுத்திருக்கக் கூடாது என்பதை மறக்க வேண்டாம். வேலை மாறும்போது பழைய நிறுவனத்தின் பதிவிலிருந்து பெயர் நீக்கப்பட்டதற்கு எழுத்து வாங்குங்கள். அதை வாங்காமல் வந்துவிட்டால் புது முதலாளி உங்களை நியமிக்கும்போது சிக்கும், முதல் மாத உயர்வும் அங்கேயே தங்கிவிடும்.

சான்றிதழ் வந்த நாளிலிருந்து ஒரு பதிவேடு வையுங்கள்: தேதி, இடம், சர்க்யூட், அளவிட்ட எண்கள், பயன்படுத்திய கருவியின் தொடர் எண், பக்கத்தில் போரங் எச்-இன் நகல். அடுத்த வகைக்கு விண்ணப்பிக்கும்போது அனுபவச் சான்றாக அதுவே உதவும், பழைய முதலாளியின் கடிதத்துக்காக அலைய வேண்டியிருக்காது.